இழப்பை ஈடுசெய்யாத கலை: டோனா டார்ட்டின் ‘தி கோல்டுஃபிஞ்ச்’ புதினத்தை முன்வைத்து ஒரு கருத்துரை

சுருக்கம்

அமெரிக்கப் புதின ஆசிரியர் டோனா டார்ட் எழுதிய ‘தி கோல்டுஃபிஞ்ச்’ (2013), தாயை இழந்த சிறுவன் ஒருவனின் வளர்ச்சியையும் அவன் மறைத்து வைத்திருக்கும் ஓவியம் ஒன்றையும் விரிவாகப் பேசும் நெடும்புதினமாகும். கலை மனிதனை மீட்கிறது என்பதே இப்புதினத்தின் செய்தி என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. புதினத்தின் இறுதிப் பக்கங்கள் அவ்வாறு கூறினும், கதை நிகழ்வுகள் அதற்கு மாறானதையே நிறுவுகின்றன என்பதும், ஒரு புதினத்தின் பொருளை அதன் கதைசொல்லியின் முடிவுரையிலிருந்து எடுத்துக்கொள்வது பிழையான ஆய்வுமுறை என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

திறவுச்சொற்கள்: நெடும்புதினம், வளர்ச்சிப் புதினம், இழப்பு, கலை, மெய்ப்பாடு, கதைசொல்லி.

முன்னுரை

டோனா டார்ட் 1963ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். ‘தி சீக்ரெட் ஹிஸ்டரி’ (1992), ‘தி லிட்டில் ஃபிரெண்ட்’ (2002), ‘தி கோல்டுஃபிஞ்ச்’ (2013) என ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒன்றாக மூன்று புதினங்களை அவர் எழுதியுள்ளார். மூன்றாவது புதினம் எழுநூறு பக்கங்களுக்கு மேல் நீள்வது. 2014ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசை அது பெற்றது. பரிசு பெற்ற நூலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பொதுவான இசைவு இந்நூலுக்குக் கிடைக்கவில்லை. ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் மிச்சிகோ ககுதானியும் ஸ்டீஃபன் கிங்கும் இதனைப் பாராட்டி எழுதினர். ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதிய ஜேம்ஸ் வுட், இதன் நடையும் கதைப்போக்கும் சிறுவர் இலக்கியத்திற்கு உரியவை என மதிப்பிட்டார். மக்கள் விரும்பிப் படிக்கும் ஒரு நூல் உயர் இலக்கியமாகுமா என்னும் பழைய வினா இதனையொட்டி மீண்டும் எழுந்தது.

அவ்வினா இலக்கியத் தகுதியைப் பற்றியதாகவே நின்றுவிட்டது. இப்புதினம் இழப்பைப் பற்றி என்ன சொல்கிறது, அது சொல்வது உண்மைதானா என்னும் வினாக்கள் போதிய அளவில் எழுப்பப்படவில்லை. பாராட்டியோர், குறைகூறியோர் ஆகிய இரு சாராருள்ளும் பலர், கலையின் மீட்கும் ஆற்றலைப் பேசும் நூல் இது என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே வாதத்தைத் தொடங்கினர். அந்தத் தொடக்கப்புள்ளியே மறுஆய்வுக்கு உரியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஓவியமும் வெடிப்பும்

புதினத்தின் தலைப்பு, டச்சு ஓவியர் கேரல் ஃபாப்ரிட்டியஸ் 1654ஆம் ஆண்டில் வரைந்த ஓவியத்தின் பெயராகும். ஃபாப்ரிட்டியஸ் ரெம்பிராண்ட்டின் மாணவர். அவ்வோவியம் இன்று ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. வெளிர்நிறச் சுவர், அதில் பொருத்தப்பட்ட இரைப்பெட்டி, அதன் வளையத்தின்மேல் ஒரு சிறு குருவி, அதன் காலைப் பிணைத்த மெல்லிய சங்கிலி. இவ்வளவே ஓவியம். டச்சு மொழியில் இக்குருவிக்கு வழங்கும் பெயர், நீர் இறைத்தல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. சிறு வாளியைக் கயிற்றால் இழுத்துத் தனக்குரிய நீரைத் தானே எடுத்துக் குடிக்க இக்குருவிகளைப் பழக்கி வீடுகளில் வளர்த்தனர். கட்டுண்டிருக்கும் நிலையிலேயே தன் வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளும் உயிர் அது. புதினத்தின் தலைமைமாந்தனுக்கு இதனினும் பொருத்தமான உருவகம் அமைதல் அரிது.

ஓவியம் வரையப்பட்ட அதே ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் டெல்ஃப்ட் நகரின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் ஃபாப்ரிட்டியஸ் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 32. அவருடைய ஓவியங்களுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. வெடிப்பில் அழிந்த கலைஞன், வெடிப்பைக் கடந்து எஞ்சிய ஓவியம் என்னும் இவ்வரலாற்று இணையைப் புதினம் தன் கதைக்கு அடித்தளமாகக் கொள்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் குண்டு வெடிப்பதாக டார்ட் புனைகிறார். அவ்வெடிப்பில் பதின்மூன்று வயதுச் சிறுவன் தியோ டெக்கரின் தாய் இறக்கிறாள். இடிபாடுகளிடையே உயிர்விடும் முதியவர் வெல்ட்டி, ஒரு மோதிரத்தைக் கொடுத்து, ஓவியத்தைச் சுட்டிக்காட்டுகிறார். தியோ அதனை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறான். ஓவியத்தின் அளவு 33.5 செ.மீ. உயரமும் 22.8 செ.மீ. அகலமுமே. ஒரு சிறுவன் பையில் வைத்துத் தூக்கிச் செல்லக்கூடிய அளவு அது. இந்தச் சிறுமையின்மேல்தான் எழுநூறு பக்கக் கதை எழுப்பப்பட்டுள்ளது.

நூல் ஆங்கிலத்தில் வெளியான 2013 அக்டோபர் 22ஆம் நாளன்றே, மௌரிட்ஸ்ஹௌஸ் ஓவியங்களின் கண்காட்சி நியூயார்க்கின் ஃபிரிக் கலைக்கூடத்தில் தொடங்கியது. ‘தி கோல்டுஃபிஞ்ச்’ ஓவியமும் அதில் இடம்பெற்றது. புதினத்தில் நியூயார்க்கிலிருந்து காணாமற்போகும் ஓவியத்தை அந்நகர மக்கள் அதே நாள்களில் நேரில் காண முடிந்தது. கலை நிலைத்திருக்கிறது என்னும் ஆறுதலான வாசிப்பை இத்தகைய தற்செயல்களும் வலுப்படுத்தியிருக்கக்கூடும். ஆனால் ஓவியம் நிலைத்திருப்பது வேறு. ஓவியம் ஒருவனை மீட்பது வேறு.

இழவும் இளிவும்

தியோவின் துயரம் தாயை இழந்ததால் மட்டும் விளைந்ததன்று. பள்ளியிலிருந்து அவன் இடைநீக்கம் செய்யப்பட்டதால் தாயும் மகனும் பள்ளிக்கு அழைக்கப்படுகின்றனர். வழியில் மழை பெய்யவே அருங்காட்சியகத்தில் ஒதுங்குகின்றனர். தாய் மற்றோர் ஓவியத்தை மீண்டும் ஒருமுறை காணச் செல்கிறாள். சிறுவனோ செந்நிறக் கூந்தலையுடைய ஒரு சிறுமியின் அருகிலிருந்து அகல மனமின்றிப் பின்தங்குகிறான். தாய் இறக்கிறாள், மகன் பிழைக்கிறான். தான் தவறு செய்யாதிருந்தால் தாய் அன்று அங்கு வந்திருக்க மாட்டாள் என்னும் எண்ணம் அவனைவிட்டு நீங்குவதே இல்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கைச் சுட்டுகிறது. அயல்மொழிப் புதினம் ஒன்றின்மீது இலக்கணக் கட்டத்தைப் பொருத்திப் பார்த்து நிறைவுகொள்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் இழவையும் இளிவையும் வெவ்வேறு களங்களாகப் பிரித்தறிந்த அந்நுட்பம் இங்குப் பயன்படுகிறது. இழவு மட்டுமாயின் அழுது தீரலாம். உற்றார் வந்து ஆற்றலாம். தியோவிடத்தில் இழவும் இளிவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தாய்க்காக அழத் தொடங்கும்போதெல்லாம் தன்னையே இகழ்ந்துகொள்கிறான். திருட்டுப் பொருளாகிவிட்ட ஓவியம் அவ்விளிவை மேலும் மிகுவிக்கிறது. ஆகவே அவன் துயரம் எவரிடமும் சொல்லித் தீர்க்க இயலாத துயரமாகிறது. அவனுக்கு ஆறுதல் கூற வருவோர் அவனது இழவை மட்டுமே அறிவர்.

காணப்படாத ஓவியம்

இப்புதினத்தின் மிக முதன்மையான நிகழ்வு பிற்பகுதியில் வருகிறது. தந்தையுடன் லாஸ் வேகாஸில் வாழ்ந்த காலத்தில் தியோ ஓவியத்தைப் பொதிந்து மறைத்து வைத்திருந்தான். தந்தையின் இறப்புக்குப் பின் அப்பொதியுடன் நியூயார்க் திரும்பி, நாளடைவில் அதனை ஒரு வாடகைச் சேமிப்பறையில் பூட்டி வைக்கிறான். உலகின் அரும்பொருள் ஒன்று தன்னிடம் இருக்கிறது என்னும் உணர்வே அவனைத் தாங்கி நிற்கிறது; அதே உணர்வே அவனை அச்சத்திலும் வைத்திருக்கிறது. பல்லாண்டுகள் கழித்து, லாஸ் வேகாஸ் நண்பன் போரிஸ் ஓர் உண்மையைச் சொல்கிறான். ஓவியத்தை அப்போதே போரிஸ் திருடிவிட்டான். பொதிக்குள் இருந்தது பள்ளிப் பாடநூல் ஒன்றே.

கலையின் பேரழகு மனிதனை மீட்கிறது என்பது இப்புதினத்தின் கருத்தாயின், இந்நிகழ்வுக்கு என்ன பொருள்? தியோவின் இளமைக் காலம் முழுவதும் அவனைத் தாங்கியது ஒரு பாடநூல். அவன் பொதியைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அவனுக்குத் தேவைப்பட்டது ஓவியத்தைக் காண்பதன்று. ஓவியம் தன்னிடம் இருக்கிறது என நம்புவது. தாய் சிறுமியாக இருந்தபோது ஒரு நூலில் கண்டு விரும்பிய ஓவியம் அது; வெடிப்புக்குச் சற்றுமுன் மகனுக்கு அவள் விளக்கிக் காட்டிய ஓவியம். அவளது கடைசிப் பார்வைகளுள் ஒன்று பதிந்த பொருள் என்பதாலேயே அதனை அவனால் கைவிட இயலவில்லை.

ஓவியம் கையில் இல்லாவிடினும் அதன் நினைவு அவனிடம் இருந்தது. அந்நினைவே அவனை மீட்டது என ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பு எண்ணிப் பார்க்கத் தக்கதே. ஆனால் கதை காட்டுவது மீட்சியை அன்று. அவ்வாண்டுகளில் தியோ போதைப்பொருளுக்கு அடிமையாகிறான். போலிப் பொருள்களை மெய்ப்பொருள்களென விற்கிறான். காதலிக்காத பெண்ணை மணக்க இசைகிறான். நினைவு அவனை மீட்டிருந்தால் இவை நிகழ்ந்திரா. கலை இங்கு இழப்பை ஈடுசெய்யவில்லை. இழப்பை அழியாமல் காத்து வைத்தது. குருவியின் காலிலுள்ள சங்கிலி போல அவனை அந்த ஒரு நாளோடு பிணைத்து வைத்தது.

வளராத வளர்ச்சி

கெதேயின் ‘வில்ஹெல்ம் மைஸ்டரின் பயிற்சிப் பருவம்’ (1795–96) தொடங்கி, ஐரோப்பிய வளர்ச்சிப் புதினங்கள் இளைஞன் ஒருவன் பிழைகளினூடே கற்று உலகில் தன் இடத்தைக் கண்டடைவதைப் பேசி வந்துள்ளன. டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’, ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ ஆகியவற்றில் பெற்றோரற்ற சிறுவர்களின் வாழ்வு இக்கட்டமைப்பிலேயே அமைகிறது. டார்ட்டின் நூல் டிக்கன்ஸின் வழியில் வருவது எனப் பலரும் சுட்டியுள்ளனர். புறக்கூறுகளைப் பொறுத்தவரை இது சரியே. கைவிடப்பட்ட சிறுவன், கருணை மிக்க கைவினைஞர், எட்டாத காதலி, பெரிய வீட்டு மாந்தர் எனப் பல கூறுகள் ஒத்துள்ளன.

அடிப்படையில் ஒரு வேறுபாடு உள்ளது. தியோவுக்கு வயது ஏறுகிறது, அவன் வளர்வதில்லை. இருபதுகளின் பிற்பகுதியிலும் அவன் பதின்மூன்று வயதின் ஒரு முற்பகலிலேயே நிற்கிறான். மோதிரம், பச்சை நிற மணி, பழம்பொருள்கள் நிறைந்த கடை என மாயக்கதைக்குரிய பொருள்கள் புதினம் முழுவதும் விரவிக் கிடப்பதை ஜேம்ஸ் வுட் போன்றோர் குறையாகக் கொள்வர். கதைசொல்லியின் அகவயது பதின்மூன்றில் நின்றுவிட்டது என ஏற்றால், அவன் உலகைச் சிறுவனின் கண்கொண்டு காண்பது பாத்திர அமைதியே ஆகும். திறனாய்வாளர் கண்டது உண்மை. அதற்கு அவர் வழங்கிய மதிப்பீடே மறுக்கத்தக்கது.

வளர்ச்சி பற்றிய புதினத்தின் ஆழ்ந்த சிந்தனை ஓவியத்தில் இல்லை. ஹோபியின் பட்டறையில் உள்ளது. வெல்ட்டியின் தொழில் கூட்டாளியான ஹோபி, பழைய மரப்பொருள்களைச் செப்பனிடுபவர். சிதைந்த பழம்பொருள்களின் பகுதிகளை இணைத்துப் புதிய முழுமைகளை அவர் உருவாக்குகிறார். அவற்றை ஏமாற்றும் நோக்கில் அவர் செய்வதில்லை. மரத்தின்மீதும் தொழிலின்மீதும் கொண்ட பற்றினால் செய்கிறார். தியோ அவற்றை அவர் அறியாமல் மெய்யான பழம்பொருள்களென விற்றுவிடுகிறான். ஒரே பொருள் ஹோபியின் கையில் செப்பனிடலாகவும் தியோவின் கையில் மோசடியாகவும் மாறுகிறது. உடைந்ததை உடைந்தது என ஒப்புக்கொண்டு ஒட்டுவது ஒருவகை. ஒட்டின் தடத்தை மறைத்து உடையாத பொருள் எனக் காட்டுவது மற்றொருவகை. தியோ தன்னைத்தானே இரண்டாம் வகையில் உலகிற்குக் காட்டிக்கொண்டிருப்பவன். மரப்பொருள் மோசடி கதையின் கிளைநிகழ்வு போலத் தோன்றினும், இழப்புக்குப் பின் வாழ்வது எவ்வாறு என்னும் வினாவுக்குப் புதினம் தரும் விடை அங்கேதான் உள்ளது.

இறுதியில் தியோ, தான் விற்ற போலிப் பொருள்களைத் தேடி ஊர் ஊராகச் சென்று மீண்டும் விலைக்கு வாங்குகிறான். புதினத்தில் அவன் வளர்ந்தான் எனச் சொல்லத்தக்க செயல் இது ஒன்றே. அச்செயலுக்கு ஆசிரியர் ஒதுக்கியுள்ள இடமோ மிகக் குறைவு.

நீளம் பற்றி

புதினத்தின் நீளம் குறித்த குறையை முழுமையாக ஏற்கவும் இயலாது. முழுமையாகத் தள்ளவும் இயலாது. லாஸ் வேகாஸ் பகுதியில் பெரும்பாலும் ஒன்றும் நிகழ்வதில்லை. பாலைவன ஓரத்தில் ஆளற்றுக் கிடக்கும் குடியிருப்புகள், தாயற்ற இரு சிறுவர், குடி, பசி, வெயில் என நாள்கள் ஒன்றுபோல் கழிகின்றன. துயரத்தின் காலம் இவ்வாறுதான் கழியும். ‘ஆண்டுகள் சென்றன’ என ஒரே தொடரில் கடந்திருந்தால், அப்பொதி ஏன் அவனுக்கு உயிரினும் மேலானது என்பதை வாசகர் அறிவால் அறிவர், உணர்வால் அறியார். தாய் வீடு திரும்புவாள் எனச் சிறுவன் காத்திருக்கும் தொடக்கப் பக்கங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஆம்ஸ்டர்டாம் பகுதிக்கு இந்நியாயம் பொருந்தாது. துப்பாக்கிச் சண்டையும் கடத்தற்காரரும் துரத்தலும் நிறைந்த அப்பகுதி பரபரப்புக் கதையின் வேகத்தில் எழுதப்பட்டுள்ளது. தற்செயல்கள் மிகுகின்றன. அங்கு நீளம் இருப்பினும் காலத்தின் கனம் இல்லை. ஆகவே நெடும்புதினத்தின் நீளத்தை ஒட்டுமொத்தமாக எடைபோடுதல் தகாது. எப்பகுதியின் நீளம் எப்பணியைச் செய்கிறது எனத் தனித்தனியே காணல் வேண்டும்.

இறுதிப் பக்கங்களின் சிக்கல்

நிகழ்வுகள் முடிந்தபின் தியோ வாசகரை நோக்கி நேரடியாகப் பேசுகிறான். வாழ்வு அழிவையே நோக்கிச் செல்வது எனினும், அழிவினூடே அழகு தப்பிப் பிழைக்கிறது. அதனை நேசித்துக் காத்து அடுத்தவர் கையில் தருவது பேறு என்னும் கருத்துப்பட அப்பகுதி அமைகிறது. பலர் இப்பகுதியையே நூலின் உச்சமாகக் கொள்கின்றனர். இக்கட்டுரையாளர் இதனை நூலின் வலுவற்ற பகுதியாகக் கருதுகிறார்.

காரணம் எளிது. இவ்வாறு பேசுபவன் ஓவியத்தைக் காத்தவன் அல்லன், தொலைத்தவன். தொலைத்ததைக்கூட அறியாதிருந்தவன். ஓவியம் மீட்கப்பட்டது போரிஸ் காவல்துறைக்குத் தகவல் தந்ததனால். தியோவின் அன்பு அதில் ஆற்றிய பங்கு ஏதுமில்லை. அவ்வாறிருக்க, காலந்தோறும் கலையைக் காத்தோர் வரிசையில் அவன் தன்னையும் சேர்த்துக்கொள்வது தன் வாழ்வுக்கு ஒரு பொருள் வேண்டி நிற்பவனின் தேவையையே காட்டுகிறது. அவனது பேச்சை அத்தேவையின் வெளிப்பாடாக வாசித்தால் அப்பகுதி இரங்கத்தக்கதாகவும் நுட்பமாகவும் அமையும். ஆசிரியரின் முடிவாக வாசித்தால் கதைக்கு முரணாகும். இவ்விரு வாசிப்புகளுள் எதை ஆசிரியர் விரும்பினார் என்பதற்கு நூலுக்குள் தெளிவான குறிப்பில்லை; கதைசொல்லியிடமிருந்து ஆசிரியர் விலகி நிற்கும் இடைவெளி அப்பக்கங்களில் புலப்படவில்லை. இதுவே நூலின் உண்மையான குறைபாடு. சிறுவர் கதைத்தன்மையும் பக்க எண்ணிக்கையும் இதனோடு ஒப்பிடுகையில் சிறியவை.

முடிவுரை

மேற்கண்ட வாதம் ஓர் ஆங்கிலப் புதினத்தோடு முடிவதன்று. நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் புதின ஆய்வு பெரிதும் ‘புதினம் உணர்த்தும் செய்தி’ என்னும் தலைப்பை நோக்கியே நகர்கிறது. அச்செய்தியைக் கதைசொல்லியின் கூற்றிலிருந்தோ தலைமைமாந்தரின் இறுதி உரையிலிருந்தோ எடுத்து மேற்கோளாகக் காட்டி இயலை நிறைவு செய்வது எளிய வழியாக உள்ளது. பாத்திரம் சொல்வதும் கதை காட்டுவதும் முரண்படும் இடத்தில் ஆய்வாளர் எதன் பக்கம் நிற்பது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கூற்று யாருடையது, எந்நிலையில் நின்று யாரிடம் கூறப்படுகிறது எனக் காண்பதைப் பாட்டின் அடிப்படையாகக் கொண்ட மரபுக்கு உரியவர்கள் நாம். அகப்பாடலில் தலைவி கூற்றைப் புலவரின் கொள்கையாக எவரும் கொள்வதில்லை. அந்த விழிப்பைப் புதினத்தை அணுகுகையில் மட்டும் கைவிடுவதற்கு நியாயமில்லை.

‘தி கோல்டுஃபிஞ்ச்’ இழப்புக்குக் கலை மருந்து எனக் கூறும் நூலாக நினைவுகூரப்படுமாயின், அது இழந்தோருக்கு ஒரு பொய்யான உறுதிமொழியைத் தருவதாகிவிடும். பிரிக்கப்படாத பொதியும், விற்ற பொருள்களைத் தேடிச் செல்லும் பயணமும் வேறொன்றைக் கூறுகின்றன. இழந்தது திரும்புவதில்லை, அதனிடத்தில் வைத்துக் காக்கும் பொருளும் அதுவாகிவிடுவதில்லை. ஒட்டின் தடத்தை மறைக்காமல் வாழக் கற்பதே இயலக்கூடியது. தியோவின் உரை இதனைச் சொல்லவில்லை. ஆனால் தியோவின் கதை சொல்கிறது. இவ்விரண்டுள் கதையையே ஆய்வாளர் சான்றாகக் கொள்ளல் வேண்டும்.